டிரைவர் வீட்டுக் குழாய்

டிரைவர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அந்த வீட்டுக் குழாய்களில் தண்ணீர் நூல் போலத்தான் வந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனையைத் தாண்டினால் பழையபடி கொட்டியது. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் இது அடுக்களையில் தொடங்கியது. முதலில், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதற்குக் கொஞ்சம் தயங்கியது. பிறகு விட்டுவிட்டு வந்தது. மூடிய பிறகும் வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருந்தது. அவருடைய மனைவி ஒரு குடம் நிரம்புவதற்குள் காய் முழுவதையும் நறுக்கி முடித்துவிடுவார். முடித்த கையோடு, தண்ணீர் விடுகிற அலுவலகத்தில் உள்ளவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார்.

அந்த அம்மாள் வேலை பார்த்தது சிறுநீர்க் கோளாறுகளுக்கென்றே உள்ள ஒரு கிளினிக்கில். வருகிறவர்களுக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, தாழ்வாரத்தில் நடக்கவிட்டு, இனி தாங்காது என்கிற நிலை வந்ததும் ஓர் அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்துவார். உள்ளே ஒரு பெரிய புனல், அதன் அடியில் ஒரு இயந்திரம். சிறுநீர் போகிற வேகத்தை அது கோடாக வரைந்து தரும். அதனால் அவருக்குப் புனல் அக்கா என்று பெயராகிவிட்டது. உள்ளே போனதும் வெட்கத்தில் ஒன்றும் வராமல் திண்டாடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காக அக்கா வெளியே கைகழுவும் தொட்டியின் குழாயைத் திறந்துவிடுவார். தண்ணீர் சத்தம் கேட்டால் உடம்பு தானாக இளகும். கதவருகில் நின்று, "அவசரமே இல்லங்க. மெதுவா ஆகட்டும்," என்பார். அந்தக் குரலுக்கே பாதி நோய் போய்விடும் என்று சொன்னவர்கள் உண்டு. கதவுக்கு வெளியே நின்று கேட்டே, இவருக்கு அடைப்பு, இவருக்கு வெறும் பயம், இவர் குடிக்கச் சொன்ன தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டார் என்று அக்கா சொல்லிவிடுவார். இயந்திரம் பின்னால் வந்து ஆமாம் போடும்.

வீட்டுக்கு வந்தால் அக்காவிடம் கதைக்குப் பஞ்சமில்லை. பெயர் சொல்லமாட்டார், அந்த நாணயம் இருந்தது. ஆனால் நடித்துக் காட்டுவார். ஊரையே அதட்டுகிற பெரிய மனிதர் புனலிடம் கெஞ்சியது, ஒருவர் மனைவியைத் துணைக்கு உள்ளே கூப்பிட்டுவிட்டு சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னது, குழாய் தன்னோடு போட்டி போடுகிறது, மூடுங்கள் என்று ஒருவர் உள்ளிருந்து கத்தியது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் டிரைவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். அக்கா தலையில் தட்டி, தண்ணீர் கொடுப்பார். அந்த வீட்டில் சந்தோஷம் என்று ஒன்று இருந்தால் அது அந்த நேரம்தான். அதையும் சொல்லியாக வேண்டும்.

குழாயைப் பார்க்க பிளம்பர் வந்தார். பிளம்பர் வந்தாலே டிரைவர் டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். வீட்டுக்குள் அந்நிய மனிதர்கள் சுத்தியலோடு நடமாடுவது அவருக்குப் பிடிக்காது. அவர் போனதும் குழாய்கள் பிய்த்துக்கொண்டு கொட்டும். பிளம்பர் தலையைச் சொறிந்துவிட்டுப் போவார். அடுத்த வாரம் மறுபடி வருவார். நாலைந்து தடவை அலைந்தபின் ஒருநாள், "அக்கா, குழாய்ல ஒரு கோளாறும் இல்ல. அண்ணன் வீட்ல இருந்தாத்தான் தண்ணி வரமாட்டேங்குது," என்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் மறுநாளே சோதித்துப் பார்த்தார்கள். பிளம்பர் சொன்னது உண்மை. தெருவுக்கும் விஷயம் தெரிந்தது. டீக்கடைக்காரர் பாத்திரம் கழுவும் குழாயிலிருந்து தள்ளி, சாலையின் எதிர்ப்பக்கத்தில் டிரைவருக்கென்று ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

தெருவுக்கு அது உபகாரமாகவும் இருந்தது. ஒருமுறை முக்கில் பெரிய குழாய் உடைந்து தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டபோது, "டிரைவர் அண்ணனக் கூப்பிடுங்கப்பா," என்று யாரோ சொன்னார்கள். அவர் நாற்காலியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். தண்ணீர் சுருங்கி, சுருங்கி, சொட்டாகி நின்றது. பிளம்பர் சாவகாசமாக ஒட்டு வேலையை முடித்தார். டிரைவருக்கு டீ கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். மோர் கொடுத்தார்கள், அதையும் வேண்டாம் என்றார். அக்கா இதைக் கிளினிக்கில் பெருமையாகச் சொன்னபோது டாக்டரே சிரித்துவிட்டார். "அவர இங்க மட்டும் கூட்டிட்டு வந்துடாதீங்கக்கா, நம்ம பொழப்பு கெட்டுடும்," என்றார். அந்த வாரம் முழுவதும் கிளினிக்கில் அதுவே பேச்சு. ஊரில் எல்லாரையும்விட இதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டியவர்கள் அந்தக் கிளினிக்கில் இருந்தவர்கள்தான். அவர்கள்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்கள்.

டிரைவர் நெடுந்தூர பஸ் ஓட்டியவர். அடக்குவதில் பேர்போனவர், கிளம்பும் இடத்தில் ஒதுங்கினால், போய்ச் சேரும் இடத்தில்தான் மறுபடி ஒதுங்குவார். தண்ணீர் பாட்டிலைத் தொடமாட்டார். அந்தக் கெட்டிக்காரத்தனம் ஓய்வு பெற்ற பிறகும் கைகொடுத்தது. காலையில் அக்கா வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று குழாயைத் திறந்துவைத்துக்கொள்வார். குழாயும் அவரைப் போலவே தயங்கி, விட்டுவிட்டு, சொட்டுச் சொட்டாக வரும். இரண்டு சத்தமும் ஒன்றாகவே இருந்ததால் அக்காவின் பேர்பெற்ற காதுக்குக் குழாய் மட்டும்தான் கேட்டது. "உள்ள என்னதான் பண்றீங்க? எனக்கு நேரமாகுதுல்ல?" என்று கதவைத் தட்டுவார். "இதோ, சவரம் பண்றேன்," என்று உள்ளேயிருந்து பதில் வரும். தாடி மட்டும் அப்படியே இருக்கும். அக்கா அதைக் கவனித்ததில்லை. அவசரம். கிளினிக்கில் வயிறு முட்ட நாலு பேர் காத்திருப்பார்கள்.

இப்படியே இரண்டு வருடம் போனது. ஒருநாள் காலையில் தெரு முழுக்கத் தண்ணீர் நின்றுவிட்டது. ஒரு வீட்டில்கூடச் சொட்டு இல்லை. குடமும் வாளியுமாக ஜனம் டிரைவர் வீட்டு வாசலில் கூடியது. "அண்ணன எங்கயாவது கொஞ்சம் போயிட்டு வரச் சொல்லுங்கக்கா," என்று நயமாகக் கேட்டார்கள். அக்கா குளியலறைக் கதவைத் தட்டப் போனார். தட்ட ஓங்கிய கை நின்றது. உள்ளே குழாய்ச் சத்தம் இல்லை. வேறு சத்தமும் இல்லை. கதவுக்கு வெளியே நின்றே வயதான காது அது; அந்த அமைதி என்னவென்று அதற்குத் தெரியும். தாழ் தெறிக்கக் கதவைத் தள்ளித் திறந்தார்கள். டிரைவர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, வியர்த்து வழிய, இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். "வரமாட்டேங்குது," என்றார். கல்யாணமான நாளிலிருந்து தனக்கு ஒன்று முடியவில்லை என்று அவர் சொன்னது அது ஒன்றுதான்.

கிளினிக்கில் டாக்டரே டியூப் போட்டார். பை நிரம்ப ஆரம்பித்த நேரத்தில் தெருவிலிருந்து போன் வந்தது. தண்ணீர் இல்லையே என்று எல்லாரும் குழாயைத் திறந்தபடியே விட்டிருந்ததால், வீட்டுக்கு வீடு கொட்டி, வாசல்களில் பாத்திரங்கள் மிதக்கின்றனவாம். பிளம்பர் வீடு வீடாக ஓடி மூடிக்கொண்டிருக்கிறாராம். அக்கா கேட்டுக்கொண்டார். அன்று மாலைக்குள் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிந்தன. சிறுநீர்ப்பைக்கு அடியில் உள்ள சுரப்பியில் தொடங்கிய புற்று எலும்புவரை போயிருந்தது. "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா இது ஒரு பெரிய விஷயமே இல்லக்கா. நானே..." என்று தொடங்கிய டாக்டர் பாதியில் நிறுத்தினார். தான் அடித்த ஜோக் அவருக்கு நினைவு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா கேட்டார்: "ஏங்க என்கிட்ட சொல்லல?"

"நீ நல்லா நடிச்சுக் காட்டுவியே," என்றார் டிரைவர், கோபமே இல்லாமல். "நானும்தான் சிரிச்சேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தக் கதவுக்குள்ள போறது?"

அவர் கத்தியிருந்தால் அக்கா தாங்கியிருப்பார். இது நெஞ்சில் முள்ளாகத் தைத்து, அங்கேயே தங்கிவிட்டது. அதன்பிறகு அக்கா யாரைப் பற்றியும் எங்கேயும் நடித்துக் காட்டவில்லை. டிரைவர் ஒன்றரை வருடம் இருந்தார். ஊசி போட்டார்கள், அறுவை செய்தார்கள். டியூப் இருந்த நாட்களில் வீட்டுக் குழாய்களில் தண்ணீர் நன்றாகவே வந்தது. கடைசிக் காலத்தில் அவர் அக்காவிடம் கதை கேட்டார், ஏதாவது சிரிக்கிற மாதிரி சொல்லு என்றார். அக்காவுக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

கிளினிக்கில் இப்போது, வருகிறவர்களிடம் டாக்டர் முதலில் கேட்பது, "வீட்டுக் குழாய்ல தண்ணி எப்படி வருது?" என்பதைத்தான். யாரும் திகைப்பதில்லை. "கொஞ்ச நாளா விட்டுவிட்டுத்தான் வருது டாக்டர்," என்று சிலர் சொல்வார்கள். அவர்களை நேராகப் புனல் அறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்படி நேரத்தோடு பிடிபட்டுப் பிழைத்தவர்கள் நிறைய.

டிரைவர் போனபிறகு தெருவெல்லாம் தண்ணீர் சீராக வந்தது. அவர் வீட்டு அடுக்களைக் குழாய் மட்டும் மறுபடி மெலிந்தது. மாற்றித் தருகிறேன், காசுகூட வேண்டாம் என்று பிளம்பர் சொல்லிப் பார்த்தார். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். காலையில் குடத்தை வைத்துக் குழாயைத் திறப்பார். அது தயங்கும். வாசலில் கிளினிக்குக்குப் போக ஆட்டோ வந்து ஹாரன் அடிக்கும். அக்கா நகரமாட்டார். குழாய்ப் பக்கம் சாய்ந்து நின்று, "அவசரமே இல்லங்க. மெதுவா ஆகட்டும்," என்பார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வரும். ஆட்டோக்காரரும் இப்போதெல்லாம் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.