நண்டுக்கு முன் பாராட்டுரை

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் தலைவர் நவரத்தினத்தைப் பதவியிலிருந்து இறக்குவதற்குச் சீனக் கடலுணவுக் கடைதான் தோதான இடம் என்று கண்டுபிடித்தவர் பௌஸி. அவர் இரண்டாம் மாடி, துணிக்கடை வைத்திருக்கிறார். அடுத்த தலைவர் அவர்தான் என்று எல்லோரும் வாய்க்குள்ளேயே தெரிவு செய்து முடித்திருந்தோம்.

"வீட்டில வெச்சுச் சொன்னா சண்டை வரும், செக்ரட்டரி. நண்டுக்கு முன்னால யாரும் சண்டை பிடிக்க மாட்டாங்க" என்றார்.

செயலாளர் நான். எனக்கு இதில் சொந்த அவசரமும் இருந்தது. லிப்ட் பழுதாகி மூன்று மாதம். மாற்ற வேண்டிய பாகம் கம்பனிக்காரரின் களஞ்சியத்தில் வந்து கிடக்கிறது. தலைவர் ஒரு கடிதத்தில் கையொப்பம் வைத்தால் ஒரே நாளில் பொருத்திப் பூட்டிவிடுவார்கள். முதலாம் மாடியில் குடியிருக்கும் தலைவரோ, "படியேறினால் இருதயத்துக்கு நல்லது" என்று கடிதத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

நாங்கள் ஆறாம் மாடி. என் மனைவி பாலேஸ்வரிக்கு வியாழக்கிழமை முழங்காலில் சத்திரசிகிச்சை. போன மாதம் டொக்டரிடம் போவதற்கு நாலு பேர் அவளைக் கதிரையோடு தூக்கி இறக்கினார்கள். மாடிக்கு மாடி கதவைத் திறந்து சனம் சுகம் விசாரித்தது. "இன்னொருக்கா என்னைச் சாமி தூக்கிற மாதிரித் தூக்கினா எனக்கு ஒப்பரேஷனே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான்.

ஆகவே ஞாயிறு மதியம் ஒன்பது பேர் போனோம். நிகழ்ச்சி நிரலை நான் எழுதி, தலைவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் பிரதி கொடுத்திருந்தேன். முதலில் என் பாராட்டுரை, அடுத்துப் பொன்னாடை, அதன்பின் "ஐயா இனி ஓய்வெடுக்க வேண்டும்" என்ற பௌஸியின் அறிவிப்பு. நண்டு அதற்குப் பிறகு.

கடையில் வாசல்வரை சனம். மீன் தொட்டிக் கண்ணாடியில் பிள்ளைகள் தட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் யாருக்கோ பிறந்தநாள், மூன்று தரம் பாடிவிட்டார்கள். எங்கள் மேசை வட்டமானது. நடுவில் சுற்றுகிற கண்ணாடித் தட்டு. அந்தத் தட்டில் தலைவரின் கை வைத்தது வைத்தபடியே இருந்தது. பொரித்த கணவாய் அவருக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

"பிள்ளை, கணவாய் வேணுமோ?" என்று அவர் நாலாம் மாடி மேனகாவைக் கேட்டார்.

"ஓம் அங்கிள். தட்டை விட்டீங்களெண்டால் அது தானா வரும்."

நான் எழுந்து வாசித்தேன். பாராட்டுரையில் குறையின் வாடையே வரக்கூடாது என்பது நான் படித்த பள்ளிக்கூடத்து ஒழுங்கு. தண்ணீர் மோட்டரும் கேற்றுப் பூட்டும் முதற் பக்கத்திலேயே முடிந்துவிட்டன. இரண்டாம் பக்கத்துக்குச் சாதனை இல்லாதபடியால் லிப்டையே சாதனையாக்கியிருந்தேன். "முதுமையிலும் இளைஞரென மாடிமாடியாய் ஏறி, படியேறும் நல்வாழ்வை எமக்குப் பழக்கிய பெருந்தகையே!" மேனகாவுக்குத் தண்ணீர் மூக்கால் வந்தது. அந்தக் கோலத்திலேயே அவள் எழுந்து பொன்னாடையைப் போர்த்தினாள். அதன் ஒரு தலைப்பு இனிப்புப் புளிப்புச் சாறுக்குள் விழுந்தது.

பௌஸி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். அந்த நேரம் பார்த்து நண்டு வந்தது. இரண்டு பெரிய தட்டு, சிவக்கச் சிவக்க, ஆவி பறக்க.

பௌஸி திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். "ஆறினா வேஸ்ட், செக்ரட்டரி. சாப்பிட்டுட்டுச் சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க" என்று அவருடைய மனைவி நஸீறா முழங்கையால் இடித்தாள். அவர் கால் ஒன்றை உடைத்து அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். அதோடு அவளும் அமைதியானாள். அதன்பின் ஓடு உடைபடும் சத்தம் மட்டுந்தான்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் தலைவர் எழுந்தார்.

"நீங்கள் எல்லாரும் என்னில குறை பிடிக்கிறியள் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சனான்" என்றார். "உண்மையைச் சொல்லப்போனால், இண்டைக்கு விலகுவம் எண்டுதான் வந்தனான். கடிதமும் எழுதிப்போட்டன்." சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "செக்ரட்டரியின்ர பேச்சைக் கேட்ட பிறகு எந்த மனத்தோட விடுறது? இன்னும் ரெண்டு வருஷம் நிக்கிறன்!"

கடிதத்தை நாலாய்க் கிழித்துச் சுற்றும் தட்டில் வைத்துவிட்டு, ஒரு தள்ளுத் தள்ளினார். துண்டுகள் மேசையை ஒரு சுற்றுச் சுற்றின. எனக்கு முன்னால் வந்ததில் "விலகிக்கொள்கிறேன்" என்ற சொல் முழுதாய் இருந்தது. விரலெல்லாம் நண்டானபடியால் எல்லோரும் மணிக்கட்டால் கைதட்டினார்கள். பௌஸி நண்டுக் காலைக் கடித்தபடியே தலையாட்டினார்.

எனக்கு வியாழக்கிழமை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. செயலாளருக்கு நன்றியுரை என்று ஒன்று உண்டு. எழுந்தேன்.

"தலைவர் அவர்களே, உங்கள் முடிவைக் கேட்டால் என் மனைவி மிகவும் மகிழ்வாள். அவளால் இறங்கி வர முடியாது. பொன்னாடையோடு நீங்களே ஏறிவந்து சொன்னால் பெருமைப்படுவோம். மாடிமாடியாய் ஏறும் உங்களுக்கு ஆறு மாடி எம்மாத்திரம்?"

"அதென்ன, வந்தாப் போச்சு" என்றார் தலைவர். அத்தனை பேருக்கு முன்னால் வேறென்ன சொல்வது?

தொடர்மாடிக்குத் திரும்பி ஏறும்போது, இரண்டாம் மாடிவரை படியேற்றத்தின் நன்மைகளை விளக்கிக்கொண்டே வந்தார். மூன்றாம் மாடியில் விளக்கம் நின்றது. நாலாம் மாடியில் மேனகாவின் கதவடிப் படியில் குந்தியிருந்து, பொன்னாடையால் முகத்தைத் துடைத்தார். இனிப்புப் புளிப்புச் சாறு நெற்றியில் திருநீறுபோல் இழுபட்டது.

"தண்ணி தரட்டோ அங்கிள்? இன்னும் ரெண்டு மாடிதான்" என்றாள் மேனகா.

அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"செக்ரட்டரி... அந்த லிப்ட் கடிதம்... எங்க?"

என் கடிதக் கோவையில்தான் இருந்தது. நான் எங்கே போனாலும் கோவை கூடவே வரும். பேனையையும் கொடுத்தேன். கையொப்பத்துக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் பெருவிரல் அடையாளமும் விழுந்தது. கம்பனிக்காரர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மீதி இரண்டு மாடியை நான் தனியாக ஏறி, நண்டுப் பார்சலைப் பாலேஸ்வரியிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப இன்னும் ரெண்டு வருஷமோ?" என்றாள்.

"ஓம்."

"பரவாயில்லை. எனக்கு வியாழக்கிழமைதான் அவசரம்."

வியாழன் காலை அவள் தன் காலாலேயே லிப்டுக்குள் போனாள். உள்ளே, கண்ணாடிக்கு மேல், புதிதாய் ஒரு பலகை: "தலைவர் நவரத்தினம் அவர்களின் அயராத முயற்சியால் சீரமைக்கப்பட்டது." வாசகம் என்னுடையதுதான். அவர் கேட்டு, நான் எழுதிக் கொடுத்தது.

ஆறிலிருந்து கீழ்த்தளம்வரை அதை மூன்று தரம் வாசித்தாள். கதவு திறந்தபோது சொன்னாள்: "நல்லா எழுதியிருக்கிறியள். இதை வாசிச்சிட்டு இன்னொரு ரெண்டு வருஷமும் கேட்கப்போறார்."