நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அப்பா அவளுடைய தையல் மெஷினுக்கு அடியில் குனிந்து புத்தகம் தேடிக்கொண்டிருந்தார். மகள் வாசற்படியில் நின்று பார்த்தாள். மெஷின் இழுப்பறையில்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் தேடட்டும் என்று விட்டாள்.

வெளியே அவருக்குப் பெயர் 'புத்தக சார்'. ஓய்வு பெற்றதும் வளர்ச்சி வட்டம் என்று ஒன்றை ஆரம்பித்து, ஞாயிறுதோறும் முப்பது பேருக்கு முன்னால் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவார். அதிகாலையில் எழுவது எப்படி, கோபத்தை அடக்குவது எப்படி, பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி. பதினொரு வருடத்தில் ஒரு நாளும் அவர் எட்டு மணிக்கு முன் எழுந்ததில்லை. டீ ஆறியிருந்தால் டம்ளர் பறக்கும்.

படித்தது அம்மா. தையலை நிறுத்திவிட்டு, கத்தரிக்கோலைப் பக்கத்தின்மேல் பாரமாக வைத்துப் படிப்பாள். படித்த இடங்களில் துணித்துண்டு செருகுவாள். சிவப்பு என்றால் அப்படியே வாசிக்க வேண்டும். பச்சை, சிரிக்க வைக்கும் இடம். வெள்ளை இருந்தால் தாண்டிவிடலாம். சனிக்கிழமை மதியம் அவர் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து முழுவதையும் கதைபோலச் சொல்லிக்கொடுப்பாள். "அவருக்குப் பேச வருது, எனக்குப் படிக்க வருது. விடேன்டி" என்பாள் மகளிடம். அப்பாவைவிட அம்மாமேல்தான் மகளுக்கு எரிச்சல் அதிகம். நேற்று மதியம் மெஷின்மேல் சாய்ந்த அம்மா எழுந்திருக்கவே இல்லை. எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

காலையில் அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"வட்டத்து ஆளுங்க எல்லாரும் வருவாங்கப்பா. படிச்சது அம்மாதான்னு இன்னைக்கு ஒரு தடவையாவது சொல்லிடுங்க. வேற எதுவும் கேக்கல."

"சொல்றேம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளும் நம்பித் தொலைத்தாள்.

பத்து மணிக்கு, வட்டத்தின் செயலாளரான டயர் கடைக்காரர் எழுந்து, சார் இரண்டு வார்த்தை பேசுவார் என்றார். துக்க வீட்டிலும் கைதட்டிவிடுவார்களோ என்று மகளுக்குச் சந்தேகம். அப்பா எழுந்தார். அதற்குள் புத்தகம் கிடைத்திருந்தது.

"நான் படிக்கிறப்ப இந்த வீட்டுல ஒரு சத்தம் வராது. மெஷினைக்கூட நிறுத்திடுவா. அப்படி ஒரு துணை."

பலர் மூக்கை உறிஞ்சினார்கள். மகளுக்கு அழுகை வரவில்லை. காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. மெஷின் நின்ற நேரமெல்லாம் அம்மா படித்த நேரம். அதையும் மனிதர் தன் பேரில் எழுதிக்கொண்டுவிட்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கான புத்தகம் இது, அவள் நினைவாகக் கொஞ்சம் வாசிக்கிறேன் என்று பிரித்தார். சிவப்புத் துண்டு வந்த இடங்களில் குரலை உயர்த்தினார். பச்சை வந்த இடத்தில், பழக்க தோஷம், லேசாகச் சிரித்தும் விட்டார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மஞ்சள் கட்டம் போட்ட துண்டு இருந்தது. தலையணை உறையில் வெட்டியது. மீதி உறை இன்னும் மெஷின் ஊசிக்கடியில் கிடக்கிறது. மஞ்சளுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. கைக்கு அகப்பட்டதை வைத்து அம்மா நிறுத்திய இடம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு துண்டுகளே இல்லை. அப்பா அடுத்த பக்கத்தைப் புரட்டினார், மஞ்சள் துண்டுக்கே திரும்பி வந்தார், வாயை மூடிக்கொண்டார்.

"பாவம், துக்கம் தொண்டைய அடைக்குது" என்றார் டயர் கடைக்காரர்.

அப்பா மெல்ல மகளிடம் வந்து புத்தகத்தை நீட்டினார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"மீதிய நீ படிச்சுச் சொல்லிடுறியாம்மா? ஞாயித்துக்கிழமைக்குள்ள."

அவள் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு துண்டாக உருவினாள். சிவப்பு, பச்சை, வெள்ளை, கடைசியில் மஞ்சள். எல்லாவற்றையும் உள்ளங்கையில் மடித்துக்கொண்டு, புத்தகத்தை மூடி அவரிடமே கொடுத்தாள்.

வண்டி வந்துவிட்டதாக வெளியிலிருந்து சொன்னார்கள். எல்லோரும் எழுந்தார்கள். அப்பா மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டிருந்தார்.