ஒல்லி டயர்

கண் மங்கிப்போய் வண்டி ஓட்டுவதை நிறுத்தியபோது மாமனார் தன் காரை மருமகனிடம் கொடுத்தார். கொடுத்தார் என்பது பேச்சுக்குத்தான். சாவி கைமாறியதே தவிர, கார் மாறவில்லை. சனிக்கிழமை தவறாமல் அவர் வீட்டுக்குப் போய், அவரை ஏற்றிக்கொண்டு, முதுகுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரியில் இறக்கி, மறுபடி கொண்டுவந்து விட வேண்டும். பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப் ஒன்றை முழுசாக ஆட்டிப்படைத்த மனிதர் அவர். ஓய்வுபெற்ற பிறகு ஆட்டிப்படைக்க மருமகன் ஒருத்தன்தான் மிச்சம்.

“மாப்பிள்ளை, கியர் மாத்துறீங்களா, கிணத்துல விழுந்த வாளியைத் தேடுறீங்களா?”

“பிரேக்கை இப்படி மிதிக்கிறீங்களே, அது உங்களை என்ன பண்ணுச்சு?”

மருமகன் சிரித்துவைப்பான். சிரிப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழி தெரியாது. அவன் பார்க்கும் குடோன் வேலையும் மாமனார் சொல்லிக் கிடைத்ததுதான்.

ஒரு சனிக்கிழமை அவனுடைய மேலதிகாரி வழியில் கைகாட்டி ஏறிக்கொண்டார். கார் நன்றாக இருக்கிறதே என்று ஏதோ பேச வேண்டுமே என்பதற்காகச் சொன்னார். பின்சீட்டிலிருந்து மாமனார் பேச்சை எடுத்துக்கொண்டார்.

“கார் நான் குடுத்தது சார். வேலை நான் வாங்கிக் குடுத்தது. பொண்ணும் நான் குடுத்தது. புள்ளை ஒண்ணுதான் பாக்கி. அதையாவது மாப்பிள்ளை சொந்தமா பண்ணுவார்னு பாக்குறேன், வருஷம்தான் ஓடுது.”

மேலதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். மருமகனும் சிரித்தான். அன்று வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் வெறுமனே நின்றான்.

அடுத்த வாரம் டயர் தேய்ந்துவிட்டதென்று கடைக்குப் போனான். கடைக்காரர் பழைய அளவையே எடுத்துப் போட்டார். சுவரில் மாட்டியிருந்த பெரிய அலாய் சக்கரங்களைப் பார்த்து, “அது இதுல சேருமா?” என்று கேட்டான்.

“சேரும் சார். சக்கரத்தோட மொத்த உயரம் அப்படியேதான் இருக்கும். உள்ள ரிம் பெருசாகும், வெளிய ரப்பர் ஒல்லியாகும். பார்க்க மிடுக்கா இருக்கும், வளைவுல நல்லா பிடிக்கும். ஆனா ஒண்ணு. பள்ளத்தை முழுங்குறது ரப்பருக்குள்ள இருக்கிற காத்துதான். அது கம்மியாச்சுன்னா, ரோட்டுல இருக்கிறதெல்லாம் நேரா முதுகுக்கு வந்துடும்.”

“முதுகுக்கா?”

“பின்சீட்டுல உட்காருறவங்களுக்கு இன்னும் ஜாஸ்தி. வீட்டுல வயசானவங்க இருந்தா வேண்டாம்னு சொல்லுவேன்.”

“யாரும் இல்லை. இதுலயே ரொம்ப ஒல்லியா எது இருக்கு?”

கடைக்காரர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். வியாபாரம் வியாபாரம்தானே, மாட்டிக் கொடுத்தார்.

முதல் சனிக்கிழமை மாமனார் காரைச் சுற்றிவந்து கைத்தடி நுனியால் டயரை ஒரு தட்டு தட்டினார். “அடேங்கப்பா” என்றார். வேறொன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தார். மருமகன் நல்ல ரோடுகளை விட்டுவிட்டு, குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய தெருக்களாகப் பார்த்துப் போனான். ஸ்டியரிங்கில் அவன் கையே அதிர்ந்தது. கண்ணாடியில் கிழவரின் முகம் ஒவ்வொரு பள்ளத்திலும் சுருங்கி விரிந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. கியரைப் பற்றியும் பேச்சில்லை, பிரேக்கைப் பற்றியும் பேச்சில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் வயிறு குளிர்ந்தது.

ஆனால் அந்தக் குளிர்ச்சி நிலைக்கவில்லை. பேச்சு நின்றது போதவில்லை அவனுக்கு. ஒரு ‘ஐயோ’ வேண்டும். ‘மெதுவாப் போங்க மாப்பிள்ளை’ என்று ஒரு கெஞ்சல் வேண்டும். டயர் கல்லாய் இறுகும்படி காற்றைத் தூக்கலாக அடித்துக்கொண்டு போனான். சீட்டில் கிடந்த மெத்தையை, துவைக்க வேண்டுமென்று சொல்லி எடுத்துவிட்டான். கிழவர் மேலிருக்கும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது சட்டை முதுகில் ஒட்டியிருக்கும். “வரேன் மாப்பிள்ளை” என்பார். அவ்வளவுதான்.

“அப்பா இப்பல்லாம் ரொம்ப தளர்ந்துட்டாருங்க” என்றாள் மனைவி.

“வயசாகுதில்ல” என்றான்.

மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் போகும் ரோட்டில் திருப்பினான். அங்கே பெயிண்ட் அழிந்துபோன வேகத்தடை ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியும். கால் பிரேக்குக்குப் போகவேயில்லை. கார் எகிறி விழுந்தது. பின்னாலிருந்து ‘ஹக்’ என்று ஒரு சத்தம், பையில் இருந்து காற்று போவதைப் போல. அவன் கேட்க ஏங்கிய சத்தம்தான். கேட்டதும் கால் தானாக பிரேக்குக்குப் போனது.

“மாமா?”

கண்ணாடியைப் பார்த்தான். கிழவரின் கண் திறந்தேயிருந்தது. அவர் வீட்டு வாசலில் கதவைத் திறந்தபோது அவரால் இறங்க முடியவில்லை. அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திருப்பினான். முதுகெலும்பில் ஒன்று நசுங்கியிருக்கிறது, எலும்பு ஏற்கெனவே தேய்ந்துபோன உடம்பு, இனி எழுந்து நடப்பது கஷ்டம் என்றார் டாக்டர்.

மனைவி மருந்து வாங்கக் கீழே போன நேரத்தில் மாமனார் கண்ணாலேயே அவனைப் பக்கத்தில் கூப்பிட்டார். குனிந்தான்.

“ஆயுசு பூரா டயரோட குடித்தனம் பண்ணினவன்டா நான். ஒரு தட்டு தட்டினா போதும் எனக்கு.”

அவர் அவனை ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை.

“மாமா, நான்...”

“எதுவரைக்கும் போறேன்னு பார்க்கத்தான் வாயை மூடிக்கிட்டு வந்தேன். நான் கத்தியிருந்தா நீ நிறுத்தியிருப்பே. நல்லவனாயிருப்பே. அது எனக்கு வேண்டாம்.” மூச்சு வாங்கியது. “பயப்படாதே, என் பொண்ணுகிட்ட சொல்லமாட்டேன். உன் வீட்டுலதான் இருப்பேன். ஆள் வைக்கக்கூடாது. நீதான் பார்க்கணும்.”

அப்படித்தான் ஆயிற்று. கிழவரைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, மலச்சட்டியை எடுத்துப் போய்க் கழுவுவது எல்லாம் அவன் தலையில் விழுந்தது. மனைவி கைவைக்கப் போனால், “வேண்டாம்மா, மாப்பிள்ளைக்குத்தான் என் முதுகு தெரியும்” என்பார் கிழவர். அவள் கண் கலங்கி, இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிப் பூரித்தாள். உண்மையைச் சொல்லிவிடலாமென்று அவன் பல தடவை வாயெடுத்தான். அந்தப் பூரித்த முகத்தைப் பார்த்ததும் மென்று விழுங்கினான்.

பழைய அளவு டயரையே போட்டுவிடப் போவதாக ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான்.

“எதுக்கு?” படுக்கையிலிருந்து கிழவர் குரல் கொடுத்தார். “மாப்பிள்ளை ஆசையா வாங்கிப் போட்டது. எனக்காகக் கழட்டினா என் மனசு தாங்காது. நீ சொல்லும்மா.”

“அப்பா சொன்னா கேளுங்க” என்றாள் மனைவி. “அதான் மெதுவா ஓட்டுறீங்களே.”

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் அவளும் கூட வந்தாள். பின்சீட்டில் அப்பாவின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். வாயே திறக்காமல் வந்த கிழவர் இப்போது சின்னக் கல் தட்டினாலும் அலறினார். “அம்மாடி! செத்தேன்!” அவளும் சேர்ந்து அழுதாள். அவன் நடைவேகத்தில் உருட்டினான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள்.

ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. தெருவே திரும்பிப் பார்க்கும்படி கிழவர் வீறிட்டார். மருமகன் பதறிக் கண்ணாடியைப் பார்த்தான். மனைவி கண்களை இறுக மூடி அவரைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்கு மேலே கிழவரின் கண்கள் ஈரமில்லாமல் நேராக அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அவருக்கு நிஜமாகவே வலித்ததா, இல்லையா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. யாரிடம் கேட்க முடியும்?

முன்னால் ரோடு முழுக்க உடைந்து கிடந்தது. ஒதுங்கிப் போக இடமில்லை. அவன் காரை நிறுத்தினான்.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றாள் மனைவி.

“போங்க மாப்பிள்ளை,” என்றார் மாமனார், மிக மரியாதையாக.