மடியில் வைத்த பை

"விடாதீங்க! அந்த பஸ்தான்!"

ராஜரத்தினம் ஆட்டோவுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினான். ஆழ்வார்ப்பேட்டை சிக்னலைத் தாண்டி, மயிலாப்பூர் பஸ் புகையைக் கக்கிக்கொண்டு போனது.

"உள்ள வா நைனா. தலை மட்டும் தனியா லஸ்ஸுக்குப் போயிடப் போவுது" என்றான் டிரைவர் ஷரஃபுதீன். "பையில இன்னா கீது? நகையா?"

"பாஸ்போர்ட். ரெண்டு பேருதும். இன்னிக்கு ராத்திரி கல்கத்தா ரயில். அங்கேருந்து நேபாளம், தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர்."

"பிளேன்லயா?"

"நடுவுல ஒரே ஒரு பிளேன். மத்ததெல்லாம் அந்தந்த ஊர் பஸ்ஸும் ரயிலும்தான்."

ஷரஃபுதீன் சிரித்தான். "நாலு தேசம் பஸ்ல போறவங்க பனகல் பார்க் பஸ்லயே பையை விட்டுட்டீங்களே!"

ராஜரத்தினத்துக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருடத் திட்டம், ஒரு மாத லீவு, அலைந்து வாங்கிய விசாக்கள். எல்லாம் அந்தத் துணிப்பையில்.

அவர்கள் வந்த அந்த பஸ்ஸில் கூட்டம். அவன் பின்பக்கம் மாட்டிக்கொள்ள, அவன் மனைவி ஹம்சினி முன்பக்கம் நின்றிருந்தாள். நிற்பவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பையை உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளின் மடியில் வைத்தாள். அந்த அம்மாளின் மூக்குக்கண்ணாடி மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. ஆழ்வார்ப்பேட்டையில் இறங்கினபோது ஹம்சினியின் கை காலியாக இருந்தது. "மறந்துட்டேன் ரத்னம்" என்றாள்.

இப்போதும் ஆட்டோவில் அவன் பக்கத்தில் அமைதியாகத்தான் இருந்தாள். அதுதான் அவனுக்கு எரிச்சல்.

"கொஞ்சமாவது பதற மாட்டியா ஹம்சி?"

"கிடைச்சுடும்."

பதினாலு மாதத்துக்கு முன் ரிஜிஸ்டர் கல்யாணம் நடந்தபோதும் இதே முகம்தான். அவள் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. தி. நகர் ஜவுளிக்கடைக்காரர் பிள்ளையைக் கட்டிக்கொண்டவளோடு இனிப் பேச்சில்லை என்று மயிலாப்பூர் வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். அவர்கள் முகத்தைக்கூட அவன் பார்த்ததில்லை.

லஸ் ஸ்டாப்பில் பஸ் நிற்க, ஆட்டோ அதன் மூக்கை உரசி நின்றது. ராஜரத்தினம் பாய்ந்து ஏறினான். அந்த சீட்டில் வேறு யாரோ.

"கண்ணாடி போட்ட அம்மாவா?" என்றார் கண்டக்டர். "இப்பத்தான் எறங்கினாங்க. ரெண்டு பை. ஒண்ணைக் கட்டிப் புடிச்சிக்கினு போனாங்க. நீ எறங்குப்பா, டபுள் விசில் குடுக்கணும்."

போச்சு! இந்த ஜனத்திரளில் எங்கே தேடுவது?

படியிலிருந்து குதித்தவன் அப்படியே நின்றான்.

ஹம்சினி யாரையும் தேடவில்லை. நேராக நடந்தாள். நிழற்குடையின் ஓரத்தில், நகரும் கூட்டத்துக்கு நடுவே ஓர் அம்மாள் மட்டும் நகராமல் நின்றுகொண்டிருந்தாள். மார்போடு துணிப்பை.

அவன் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பை கைமாறியிருந்தது.

"எண்ணிப் பாத்துக்கோ. ரெண்டும் இருக்கு" என்றாள் அந்த அம்மாள். பிறகு அவனைப் பார்த்தாள். நிதானமாக, தலையிலிருந்து செருப்பு வரை. "உள்ளே காயிதம் இருந்தது. படிச்சேன். காட்மாண்டுலேருந்து எல்லா ஊருக்கும் பஸ் நேரம் எழுதி வெச்சிருக்கேள். கையெழுத்து உங்களோடதா?"

"ஆமாங்க. ரொம்ப நன்றிங்கம்மா, நீங்க மட்டும்..."

"இவளை ஜன்னல் சீட்டுல உக்கார வையுங்கோ. மலைப் பாதைன்னா முன்னாடி சீட்டு. இல்லேன்னா வாந்தி எடுப்பா."

தன் காய்கறிப் பையில் கைவிட்டு நாலைந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து அவன் கையில் திணித்தாள். "மோந்து பாக்கச் சொல்லுங்கோ." திரும்பிப் பாராமல் கோயில் குளத்துப் பக்கம் நடந்தாள்.

ராஜரத்தினம் பழங்களையே பார்த்தான்.

"பஸ்ல உனக்கு வாந்தி வரும்னு எனக்கே போன மாசம் ஏலகிரி போனப்பதான் தெரியும். அந்தம்மாவுக்கு எப்படி..."

ஹம்சினி ஒரு பழத்தை எடுத்து முகர்ந்தாள். கண் நிறைந்திருந்தது.

"நான் பையை மறக்கலை ரத்னம். ஏறினதுமே பாத்துட்டேன். பேசினா முகத்தைத் திருப்பிண்டிருப்பா. பஸ்ல பையை நீட்டினா வாங்காம இருக்க முடியுமா? விட்டுட்டு இறங்கினா, திருப்பித் தர நின்னுதானே ஆகணும்?"

"யாரு ஹம்சி?"

"எங்கம்மா."