நாலு விரல் இடைவெளி

...அடி படக்கூடாது, சினிமாச் சண்டைத் தொழிலே அதுதான், முஷ்டிக்கும் தாடைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி, வாங்குகிறவன் அந்த நொடியில் தலையை வெட்டித் திருப்பினால் காமிராவுக்குப் பல் உதிர்ந்த மாதிரி இருக்கும், இதில் ஈசெல் டாலிவரை மிஞ்ச அரிசோனா முழுக்க ஆளில்லை, காலையிலிருந்து டேல் ரட்கினிடம் பொய்யடி வாங்கி நிஜமாக விழுகிறான், மேசை மேல், படிக்கட்டில், குதிரைத் தொட்டியில்... இடுப்பெலும்பு ஒன்று தனியாகப் பேச ஆரம்பித்துவிட்டது, மூச்சு விடக்கூடாது, விட்டால் நாளைக்கே ஒரு வெள்ளைக்காரன் மூஞ்சியில் கரியைப் பூசிக்கொண்டு இந்த வடக்குப் படை நீலச் சட்டைக்குள் வந்து நிற்பான், இத்தனை வருஷமாக அப்படித்தானே, கறுப்பன் உதைபடுகிற இடத்தில்கூடக் கறுப்பனுக்கு வேலை கிடையாது, இப்போதுதான் ஒருத்தனை உள்ளே விட்டிருக்கிறார்கள், அவனும் முரண்டு பிடித்தான் என்றால் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும்.

ரட்கின்தான் கதாநாயகன். உள்நாட்டுப் போரில் தோற்றுப்போன தெற்கத்திப் படையின் கேப்டன், சாம்பல் நிறக் கோட்டு, முழங்கையில் ஒட்டு, கண்ணில் அளவாக ஈரம், வீடு எரிந்துபோச்சு, பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பாவம்... எதை வைத்துக்கொள்ள அத்தனை சண்டை போட்டான் என்று மட்டும் படத்தில் ஒருத்தனும் கேட்க மாட்டான், பழக்கடைக்காரன் அழுகின பக்கத்தைக் கீழே வைத்துத்தானே அடுக்குவான். யாரை அடிமையாக வைத்துக்கொள்ள? ஈசெலின் தாத்தாவைத்தான், வேறு யாரை. டைரக்டர் கிரெல் வேர்த்து வழிய வந்தார். "நீ ஜெயிச்ச கட்சி சிப்பாய்ப்பா, திமிரு தெரியணும். கோட்டைக் கழட்டி என் பூட்ஸைத் துடைடான்னு சொல்லி ஒரு குத்து விடு. அவர் பொறுத்துக்குவார். அப்புறம்தான் உன்னைப் பொரட்டி எடுப்பார். ஜனங்க அவர் பக்கம் நிக்கணும், புரியுதா?" புரியாமல் என்ன, நானே அழுதுவிடுவேன் போலிருக்கிறதே. "புரியுதுங்க." கிரெல் ரட்கின் பக்கம் திரும்பி, "டேல், குத்து வாங்கறதுக்கு முன்னாடி தொப்பியைக் கழட்டிடுங்க. மரியாதை தெரிஞ்ச மனுஷன்னு தெரியட்டும்" என்றார்.

தொப்பி... டெக்சாஸில் அந்தக் கிழவரும் கழற்றினார், ஈசெலுக்கு ஏழு வயசு, பழைய சிப்பாய்களின் வருஷக் கூட்டம், கோர்ட்டு வாசலில் சாம்பல் கோட்டுக் கிழவர்கள், பாண்டு வாத்தியம், அதில் ஒருத்தரை ஊரே கேப்டன் என்று கூப்பிடும், காலையில் ஈசெலின் தலையைத் தடவி ஒரு புதினா மிட்டாய் கொடுத்தார், கை பஞ்சு மாதிரி... சாயங்காலம் ஊர் வெள்ளைக்காரர்கள் ஜெயிலை உடைத்து ஏமாஸ் சித்தப்பாவை இழுத்து வந்தார்கள், காது ஒன்று ஏற்கெனவே இல்லை, கேப்டனுக்கு முன்வரிசையில் நாற்காலி, கயிறு இறுகினபோது சித்தப்பாவின் கால் காற்றில் படிக்கட்டு தேடியது, அப்புறமும் சுட்டார்கள், ஒவ்வொரு குண்டுக்கும் உடம்பு திரும்பித் திரும்பி எல்லாருக்கும் முகம் காட்டியது, கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், சாகிறவனுக்கு மரியாதை, கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார், நாற்காலியைவிட்டு எழுந்திருக்கத்தான் இல்லை... காமிரா ஓடுகிறது, ரட்கின் தொப்பியை எடுக்கிறான், நெஞ்சோடு வைக்கிறான், அதே கண், அதே ஈரம், நாலு விரல் எங்கே போச்சு, முஷ்டிக்கடியில் பல் நொறுங்குகிறது, உதடு கிழிகிறது, விரல் முட்டியில் சூடாக ரத்தம், யாருடையது...

போச்சு. வேலை போச்சு.

"கட்," என்றார் கிரெல் காமிராவுக்குப் பின்னாலிருந்து. "என்னப்பா இது, பொய்யா இருக்கு. அடி படவே இல்ல. டேல், தலையைத் திருப்பாம மரம் மாதிரி நின்னீங்களே."

ரட்கின் கைக்குட்டைக்குள் துப்பினான், வெள்ளையாக ஒரு துண்டு, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். ஈசெலை ஒரு கணம் பார்த்தான். தெரியும் அவனுக்கு. "என் தப்புதான், கவனம் எங்கயோ போயிருச்சு," என்றான் உரக்க, அப்புறம் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்து, "அடுத்த தடவை கொஞ்சம் தள்ளி, என்ன?"

"சரிங்க சார்."

கை பஞ்சு மாதிரிதான் இருந்தது. நல்லவன்தான், வேலையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டான், அதில் நடிப்பு ஒன்றும் இல்லை... இல்லாததுதான் உதைக்கிறது, கிழவரிடமும் இல்லையே, அந்த மிட்டாயை அன்றைக்குத் துப்பினேனா, கடைசிவரை சப்பினேனா... ஈசெல் காலை அகட்டி நின்றான், விரல் முட்டியில் ரத்தம் காயவில்லை, தாடைக்கு முன்னால் நாலு விரலை அளந்து பார்த்தான், நாக்கில் எங்கேயோ புதினா.