செவ்வந்தி கார்டன் ஸ்டாப்பிங்

சினிமா பார்த்து முடி வெட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். பிள்ளைக்குப் பெயர் வைத்தவர்களையும் தெரியும். சினிமா பார்த்து வீட்டு மனை வாங்கியவர் எனக்குத் தெரிந்து ரோஷன் பீவி ஒருவர்தான்.

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் அவர் வீட்டுக்காரர் மஜீத் பாய் ஜமக்காளமும் தலையணையும் விற்கிறார். கடைக்கு மேலேயே வீடு. முப்பது வருஷம் அங்கே குடும்பம் நடத்திவிட்டு, கச்சிராயபாளையம் ரோட்டில் ஆறு கிலோமீட்டர் தள்ளி, மூன்று பக்கம் கரும்பும் ஒரு பக்கம் ரோடுமாகக் கிடக்கும் எங்கள் செவ்வந்தி கார்டனுக்கு ஒரு மனுஷி ஏன் வர வேண்டும்? லாரியிலிருந்து பீரோ இறங்கும்போதே போய்க் கேட்டுவிட்டேன். இதையெல்லாம் நாளைக்கென்று தள்ளிப்போடக் கூடாது.

“ஒரு படம் பாத்தேங்க,” என்றார்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வந்த படமாம். எங்கள் ஊர் தியேட்டரில் நாலு நாள் ஓடியது. நாலு நாளும் இவர் போயிருக்கிறார். அப்புறம் டிவியில், அதற்கப்புறம் செல்போனில். கதையைக் கேட்டேன். பட்டணத்துக்கு வெளியே ஒரு காலனி, அங்கே குடிவரும் ஒரு கிளார்க்கும் அவன் மனைவியும். ஒரு வெட்டுக்குத்து இல்லை, ஒரு சாவு இல்லை. காலையில் காலனி ஜனம் மொத்தமும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது. ஒருத்தி ஓடிவந்து அங்கேயே தலையைப் பின்னிக்கொள்கிறாள். ஒருத்தர் தன் பேப்பரை நாலாகப் பிரித்து நாலு பேருக்குக் கொடுக்கிறார். சண்டை போட்டவர்கள் அங்கேதான் ராசியாகிறார்கள். பஸ் வருகிறது, போகிறார்கள். சாயங்காலம் வந்து இறங்குகிறார்கள்.

“இதுல இன்னாங்க இருக்குது?” என்றேன்.

“கடத்தெருவுல யாரும் எதுக்கும் நிக்க மாட்டாங்க. பால் வேணும்னா கீழ இருக்குது. பல்லு வலிச்சா எதுத்தாப்புல டாக்டரு. முப்பது வருஷத்துல ஒருத்தரு கூட என்கூட சேந்து நின்னதில்லீங்க.”

பைத்தியம் என்று முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆனால் பிடித்திருந்தது.

மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. மஜீத் பாய் வண்டியில் கடைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். பிறகு அவருடைய வலது முட்டி தேய்ந்துவிட்டது, இனி வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோவைக் கூப்பிட்டால் அதற்கு இஷ்டப்பட்டபோது வரும். குவைத்தில் இருக்கும் மகன் சுஐப், கார் வாங்கித் தருகிறேன் என்று போனில் சொன்னான். “ஓட்றது யாரு? அங்கேர்ந்து நீ ஓட்டுவியா?” என்று பாய் கேட்டது பக்கத்து வீடான எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்டது.

டவுன் பஸ் எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது, ஒரு நாளைக்கு எட்டு தடவை. ஒரு தடவையும் நிற்காது. ஒரு கிலோமீட்டர் தாண்டி ஓடைப் பாலத்தில்தான் ஸ்டாப்பிங். அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் என்பது கல்வராயன் மலை ஏறுவதற்குச் சமம்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பாய் மெதுவாகச் சொன்னார். (அவர் மெதுவாகப் பேசினால் நான் அடுப்பை அணைத்துவிடுவது வழக்கம்.) “ஒண்ணாந்தேதி பழைய வூட்டுக்கு வாடகைக்கு ஆளு வருது. தம்பி நவுஷாத்து சாவி கேக்குறான். அதுக்குள்ள இங்க பஸ்ஸு நின்னா சாவியக் குடுத்துடுறேன். நிக்கலைன்னா நாமளே அங்க திரும்பிப் போயிடலாம் ரோஷன். நான் இன்னா பண்ணுவேன், சொல்லு.”

“நிக்கும்,” என்றார் ரோஷன் பீவி.

“எப்படி நிக்கும்?”

“நான் நிக்க வைப்பேன்.”

ஒண்ணாந்தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாள் காலை எட்டு நாற்பது பஸ்ஸுக்கு எங்கள் நகரிலிருந்து பத்துப் பேரை ரோட்டுக்குத் திரட்டிவிட்டார். ஆண்களை முன்வரிசையில் நிற்க வைத்தார். இது பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். பெண்கள் மட்டும் நின்றால் டிரைவருக்குத் திடீரென்று தூரப்பார்வை வந்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு. எங்கள் அசோசியேஷன் தலைவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வெங்கடேசன், சட்டையை இஸ்திரி போட்டு வந்து முதல் ஆளாக நின்றார். இத்தனை கூட்டத்தைப் பார்த்ததும் பஸ் நின்றேவிட்டது.

மஜீத் பாய் மட்டும் ஏறினார்.

கண்டக்டர் ஆதிமூலம் படியில் நின்று எங்களைப் பார்த்தார். “மத்தவங்கல்லாம்?”

எதிர்வீட்டு செந்தமிழ்ச்செல்விதான் வாயைத் திறந்தாள். “நாங்க சும்மா நிக்க வந்தோங்க.”

“சும்மா நிக்கவா? ஷூட்டிங்கா எடுக்கிறீங்க? ஒரு டிக்கெட்டுக்கு ஒம்போது பேரு வழியனுப்பி வைக்கிறீங்களே, பாயி இன்னா ஹஜ்ஜுக்கா போறாரு?” விசில் காதைக் கிழித்தது.

பஸ்ஸை நிறுத்துவது பற்றி யோசித்தோமே தவிர, நின்ற பிறகு ஏற வேண்டும் என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எல்லார் வீட்டிலும் பைக் இருக்கிறது. அடுத்த மூன்று நாளும் பஸ் நிற்கவில்லை. மூன்றாம் நாள் டிரைவர் சிரித்துக்கொண்டே டாட்டா காட்டிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் ரோஷன் பீவி ஆதிமூலத்திடமே பேசிவிடுவது என்று ஓடைப் பாலத்துக்கு நடந்தார். துணைக்கு நானும் போனேன். வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாரோ சொல்லித் தெரிந்துகொள்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பாலத்தில் எட்டொன்பது பெண்கள் சாப்பாட்டுத் தூக்குகளோடு குந்தியிருந்தார்கள். எங்கள் நகருக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்புக்காரர்கள். கள்ளக்குறிச்சிக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள். நடுவில் இருந்த செல்லியம்மாள் எங்களைப் பார்த்ததும் சிரித்தாள்.

“வா பாயம்மா. பஸ்ஸு நிக்கலையாமே? நாலு நாளா நீங்க நின்னுக்கினு இருக்கிறதப் பாத்துக்கினு தான் போறோம்.”

“ஆமாம்மா. எவ்ளோ பேரு நின்னாலும் நிக்க மாட்டேங்குது.”

“நிக்கிறவங்களுக்கு எந்த பஸ்ஸு நிக்கும்? எறங்குறவங்களுக்குத் தான் நிக்கும். ஏத்திக்கிறது அவன் மனசு. உள்ள குந்திக்கினு எறக்கம்னு கத்துனா பிரேக்க மிதிச்சுத் தான ஆவணும்? பத்து நாளு சாயங்காலம் எறங்கிப் பாரு, பதினோராம் நாளு காலைல அவனே நிப்பாட்டுவான்.”

ரோஷன் பீவியின் கண் விரிந்தது. “நீங்க அங்க எறங்குறீங்களா? உங்களுக்கும் கிட்டக்கத் தான?”

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

“எறங்கிக்கினு தான் இருந்தோம்,” என்றாள் செல்லியம்மாள். “உங்க தெரு வழியாப் பூந்து வூட்டுக்குப் போவோம். காலைல ரெண்டு நாளு பஸ்ஸு கூட நின்னுச்சு. மூணாம் நாளு முள்ளப் போட்டுட்டீங்க.”

ரோஷன் பீவி என்னைப் பார்த்தார். நான் ஓடையைப் பார்த்தேன். அதில் தண்ணீர்கூட இல்லை.

அவர் குடிவருவதற்கு முன்னால் நடந்தது அது. வெளியாள் நடமாட்டம் கூடாது என்று தீர்மானம் போட்டு, இரண்டாம் தெருவின் பின்முனையில் மூன்று வண்டி கருவேல முள்ளைக் கொண்டுவந்து கொட்டினோம். தீர்மானத்தில் நாலாவது கையெழுத்து என்னுடையது. வாசலுக்கு வந்த பஸ்ஸை நாங்களே முள் போட்டு விரட்டியிருக்கிறோம் என்பது ஓடைப் பாலத்தில் நின்றபோதுதான் எனக்கே விளங்கியது.

“முள்ள எடுத்தா வருவீங்களா?” என்றார் ரோஷன் பீவி.

“எடு, பாக்கலாம்.”

அன்று சாயங்காலமே வெங்கடேசன் வீட்டு போர்ட்டிகோவில் கூட்டம். காபி கொடுத்தார்கள், சம்மதம் கொடுக்கவில்லை. பாதுகாப்பு, பாதுகாப்பு என்று ஏழு தடவை சொன்னார் வாத்தியார், நான் எண்ணினேன். செந்தமிழ்ச்செல்வி, “அடுத்த மாசம் பேசிக்கலாமே,” என்றாள். நான் காபி டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோஷன் பீவி யாருடனும் வாதாடவில்லை. சலாம் சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்கு அப்போதே சந்தேகம்.

விடிந்ததும் இரண்டாம் தெருவில் வெட்டும் சத்தம். அரிவாளோடு ரோஷன் பீவி. பக்கத்தில் நாற்காலி போட்டு மஜீத் பாய் உட்கார்ந்து, வெட்டியதை ஒரு நீளக் கம்பால் ஓரம் தள்ளிக்கொண்டிருந்தார். முள்ளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து செல்லியம்மாள் இழுத்துக்கொண்டிருந்தாள்.

வெங்கடேசன் பனியனோடு ஓடிவந்தார். “இது அசோசியேஷன் முள்ளுங்க! தீர்மானம் போட்டு வச்சது!”

“முள்ளு உங்கள்துங்க சார், எடுத்துக்கினு போங்க. ரோடு பஞ்சாயத்துது. மனை பிரிச்சவரு பஞ்சாயத்துக்கு எழுதிக் குடுத்துட்டாரு. என் பத்திரத்துல நாலாம் பக்கம் இருக்குது. உங்கள்துலயும் இருக்கும், பீரோவத் தொறந்து படிங்க.”

“நாளைக்கு எதுனா திருட்டுப் போச்சுன்னா நீங்க பொறுப்பா?”

அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. “சாரு வூட்டுக்குக் காங்கிரீட்டு போட்டப்போ நான் தான் சட்டி தூக்குனேன். இதே வழியாத் தான் வந்தேன் போனேன். அப்போ மட்டும் ஒண்ணும் திருடு போவலையா சாரு?”

வாத்தியாருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் ரோஷன் பீவியிடம் திரும்பினார். “சினிமாவப் பாத்துட்டு வந்து இங்க சட்டம் பேசுறீங்களா? அந்தப் படத்துல இப்படித்தான் அரிவாளத் தூக்கினாங்களா?”

“படத்துல முள்ளே இல்லீங்க சார்,” என்று சொல்லிவிட்டு அடுத்த கிளையில் போட்டார் ஒரு போடு.

நான் வீட்டுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து ஒரு கிளையை இழுத்தேன். கையெழுத்துப் போட்ட அதே கைதான். நன்றாகக் குத்தியது.

அன்று சாயங்காலம் ஆறேகால் பஸ் வழக்கம்போல வேகமாக வந்தது. தாண்டப் போகிறது என்று நினைத்த நொடியில், உள்ளேயிருந்து ஒன்பது தொண்டைகள் “எறக்கம்!” என்றன. டயர் கிறீச்சிட்டது. அவர்கள் ஒவ்வொருத்தியாக, அவசரமே இல்லாமல் இறங்கினார்கள்.

“இங்க இன்னாமா ஸ்டாப்பிங்கு?” என்று ஆதிமூலம் கத்தினார்.

“எங்க வூடு இங்க தான இருக்குது? பின்ன உன் வூட்டாண்டயா எறங்குறது?” என்றாள் செல்லியம்மாள்.

மறுநாளும் இறங்கினார்கள். அதற்கடுத்த நாளும். செல்லியம்மாள் சொன்ன பத்து நாள் தேவைப்படவில்லை. ஆறாம் நாள் காலையில் ஒன்பது பெண்களும் மஜீத் பாயும் ரோட்டில் நின்றபோது, பஸ் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தது. “ஏறுங்க, ஏறுங்க! இன்னிக்காவது எல்லாரும் ஏறுறீங்களா?” என்றார் ஆதிமூலம். பாயின் பையைச் செல்லியம்மாள் வாங்கிக்கொண்டாள். அவர் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து ஏறினார்.

இது நடந்தது முப்பதாம் தேதி. அன்று ரோஷன் பீவிக்கு வேலை ஓடவில்லை. ஐந்து மணியிலிருந்தே கேட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஐந்தே முக்காலுக்கு ரோட்டுக்கே போய்விட்டார். நானும் போனேன், காற்று வாங்க.

ஆறேகால் பஸ் வந்தது. இந்தத் தடவை “எறக்கம்” என்ற சத்தத்தில் ஓர் ஆண் குரலும் கலந்திருந்தது. கடையில் வாடிக்கையாளரைக்கூட அதட்டிக் கூப்பிடாத மனுஷர். படியில் பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினார்.

“சாவி?” என்றார் ரோஷன் பீவி. வேறு எதுவும் கேட்கவில்லை.

“நவுஷாத்துக்கிட்ட குடுத்துட்டேன். நாளைக்கு அவங்க வந்துடுறாங்க.”

ரோஷன் பீவி தலையை ஆட்டினார். அழுவார் என்று எதிர்பார்த்து நான் ஒரு எட்டு கிட்டே போனேன். அழவில்லை.

“நாளைக்கு எட்டரைக்கே கெளம்பிடலாம். நானும் வரேன்,” என்றார்.

“பஸ்ஸு எட்டு நாப்பதுக்குத் தான? உனக்கு டவுன்ல இன்னா வேல?”

“டவுன்ல ஒண்ணும் இல்லீங்க. நீங்க ஏறிப் போங்க. அதுவரைக்கும் நின்னு பேசிக்கினு இருக்கலாம்.”

மறுநாள் காலை நான் எட்டு இருபதுக்கே போய்விட்டேன். எனக்கு முன்னால் வெங்கடேசன் வாத்தியார் அங்கே நின்று, செல்லியம்மாளிடம் தன் வீட்டு மொட்டைமாடியில் விழுந்திருக்கும் விரிசலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.