யார் கயிறானாலும்

மேசையில் நான்கு பேர் இருந்தார்கள். சமையலறையை ஒட்டிய முதல் நாற்காலியில் உணவகத்தின் சொந்தக்காரி நஸிஃபே. அவளுக்கு இடப்பக்கம் தம்பி ருஸ்தெம். அடுப்பில் சூப் இருந்ததால் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தான். எதிரே, யார் பக்கமும் சேராமல் சற்றுத் தள்ளி, சித்கி கேப்டன். படகுத்துறையை ஒட்டிய கடைசி நாற்காலியில் இஸ்தான்புல் படகுச் சுற்றுலாக் கம்பெனியிலிருந்து வந்திருந்த ஓர்ச்சுன். அந்த இடத்தை அவனுக்கு யாரும் ஒதுக்கவில்லை. கராசாம் குடாவில் போனுக்கு சிக்னல் கிடைப்பது அந்த ஒரு மூலையில்தான்.

பேச்சு ஆகஸ்ட் மாதத்தைப் பற்றியது. ஒரு பணக்காரக் குடும்பம் கேப்டனின் மரப் படகை ஒரு வாரத்துக்கு எடுக்கிறது. கோஜெக்கில் ஏறுவார்கள், குடா குடாவாகத் தங்குவார்கள், மர்மாரிஸில் இறங்குவார்கள். மூன்றாம் நாள் ராத்திரி அந்தக் குடும்பத்துப் பெரியவருக்கு எண்பதாவது பிறந்தநாள். அந்த விருந்துக்குத்தான் நஸிஃபேயின் குடாவைக் குறித்திருந்தார்கள்.

காலையிலிருந்து எல்லாம் சுமுகமாகவே போனது. பைன் மரங்களில் விளக்குத் தொங்கவிட வேண்டும் என்றான் ஓர்ச்சுன். சரி என்றாள். இசைக்காரர்கள் தனிப் படகில் வருவார்கள் என்றான். வரட்டும் என்றாள். ஆடுகளின் மணியோசை கேட்கக் கூடாதாம்.

"ஆட்டை மலைக்கு அந்தப் பக்கம் ஓட்டிடலாம். தவளை இருக்கே, அதுக்கு என்ன பண்ணப்போறீங்க?"

"தவளை பத்தி அவங்க ஒண்ணும் சொல்லலை அக்கா."

"பரவாயில்லை, நல்ல மனுசங்க."

கேப்டன் தேநீர்க் கோப்பைக்குள் சிரித்தார்.

பிறகு ஒப்பந்தத்தின் ஆறாவது நிபந்தனை வந்தது. ஓர்ச்சுன் அதைக் கொஞ்சம் வேகமாகப் படித்தான். விருந்தன்று மதியத்திலிருந்து மறுநாள் அவர்கள் கிளம்பும்வரை, குடாவின் துறையில் வேறு எந்தப் படகின் கயிறும் வாங்கப்படாது. அதாவது வேறு யாரையும் அங்கே படகு கட்ட விடக் கூடாது.

"இன்னொரு தடவ படி."

படித்தான். நஸிஃபே மேசைத் துணியில் கிடந்த ரொட்டித் துகளை உள்ளங்கையில் கூட்டிக் கடலில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இது முடியாது."

"அக்கா, ஒரே ஒரு ராத்திரி."

"அதேதான் சொல்றேன். ராத்திரிதான் கயிறு வரும்."

கராசாம் குடாவுக்கு சாலை கிடையாது. துறையில் படகு கட்டக் காசு வாங்குவதில்லை. கட்டுகிறவர் சாப்பிட்டால் போதும், சாப்பிடாவிட்டாலும் யாரும் கேட்பதில்லை. வருகிற படகு எதுவென்று பார்ப்பதற்கு முன் கயிற்றைப் பிடிக்க வேண்டும். பிடித்தவர்தான் வந்தவர்களுக்கு முதல் சூப்பைக் கொடுக்க வேண்டும். ஒரு குளிர்காலத்தில் புயல் துறையை வாரிக்கொண்டு போனபோது, நஸிஃபே யாரிடமும் கேட்கவில்லை. வசந்தத்தில் வந்த படகுக்காரர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று பலகையாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். இன்றைக்கும் துறையில் பாதிப் பலகை ஒரு நிறம், பாதி வேறு நிறம்.

"ருஸ்தெம் அண்ணே, நீங்களாவது சொல்லுங்க," என்றான் ஓர்ச்சுன்.

ருஸ்தெம் அக்காவைப் பார்க்காமல் பேசினான். "கம்பெனிக்கு ஒன்பது படகு இருக்கு அக்கா. கையெழுத்துப் போடலைன்னா கோடை முழுக்க ஒண்ணும் இந்தப் பக்கம் வராது. அடுத்த வருசம் நாம அடுப்பு மூட்டுவோமான்னே தெரியாது."

"எனக்கும் எண்ணத் தெரியும்டா."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். இந்தத் துறையில எது என்னோட பலகைன்னு காட்டு. அதை மட்டும் அவங்களுக்குத் தனியா வாடகைக்கு விடுறேன். பெரியவர் அதுல ஏறி நின்னு மெழுகுவர்த்தி ஊதட்டும்."

ஓர்ச்சுன் பேனாவை மூடித் திறந்து மூடினான். கெட்ட பையன் இல்லை. அப்பா போஸ்புருன் பக்கம் வலை போடுகிறவர். அந்த மூலை நாற்காலியில் உட்கார்ந்து, போனில் மேலதிகாரிக்கு என்ன எழுதுவது என்று தடுமாறிக்கொண்டிருந்தான்.

மதியத்துக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து லோடோஸ் காற்று கிளம்பியது. ஏப்ரலில் அது சொல்லிக்கொண்டு வருவதில்லை. குடாவின் வாயில் தண்ணீர் வெளுத்தது. ருஸ்தெம் சூப்பைப் பார்க்க உள்ளே போனான். நிபந்தனையைக் கொஞ்சம் மாற்றி எழுதலாமா என்று ஓர்ச்சுன் ஒவ்வொரு சொல்லாக யோசித்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"'வாங்கப்படாது'ன்றதுக்குப் பதிலா 'இயன்றவரை வாங்கப்படாது'ன்னு போட்டா..."

அப்போது முனையைச் சுற்றிக்கொண்டு ஒரு சின்னப் பாய்மரப் படகு வந்தது. முன்பாய் கிழிந்து சடசடத்தது. சுக்கானில் ஒரு கிழவர். முன்பக்கம் முழங்கால் போட்டு, கையில் கயிற்றுச் சுருளோடு ஒரு பெண்மணி. துறையை நெருங்கியதும் அவள் சத்தம் போட்டாள்; காற்று அதைத் தின்றுவிட்டது. ஆனாலும் கயிற்றை வீசினாள்.

மேசையிலிருந்து எழுந்தது ஓர்ச்சுன்தான். பேச்சு பாதியில் நின்றது. நாற்காலி கவிழ்ந்தது. இரண்டே எட்டில் துறை நுனிக்குப் போய், விழப்போன கயிற்றை இடக்கையால் பிடித்து, இரும்புக் கட்டையில் சுற்றி, உடம்பைச் சாய்த்து இழுத்தான். படகு முரண்டு பிடித்து, பிறகு பணிந்து பக்கவாட்டில் வந்து சேர்ந்தது. போன் துறைப் பலகையில் முகங்குப்புறக் கிடந்தது.

அவன் திரும்பியபோது சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது. மேசையில் இருந்த இருவரும் அவனையே பார்த்தார்கள்.

கேப்டன் சொன்னார். "யாரு என்னன்னு கேட்டியா தம்பி?"

ஓர்ச்சுன் குனிந்து போனை எடுத்தான். காது சிவந்தது.

நஸிஃபே உள்ளே போய் இரண்டு கிண்ணம் பருப்பு சூப்பைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தாள். "எலுமிச்சை மறந்துடாத. பிடிச்சவன்தான் குடுக்கணும்."

அவன் கொண்டுபோய்க் கொடுத்தான். இஸ்மீரிலிருந்து வருகிறவர்களாம், கணவனும் மனைவியும். அந்த அம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். திரும்பி வந்து அவன் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

"அக்கா, இது வேற, அது வேற."

"எப்படி வேற?"

"இன்னைக்குக் காத்து அடிக்குது."

"அப்ப ஒண்ணு பண்ணு. ஆகஸ்டுல அந்த ராத்திரி காத்தே அடிக்காதுன்னு உங்க கம்பெனியை எழுதித் தரச்சொல்லு. அதை ஏழாவதா சேர்த்துக்கோ. அடுத்த நிமிசம் ஆறாவதுல நான் கையெழுத்துப் போடறேன்."

கேப்டன் இந்த முறை கோப்பைக்குள் சிரிக்கவில்லை, வெளியிலேயே சிரித்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "படகு என்னோடது. வழியை யார் மாத்தினாலும் நான் ஓட்டுவேன். ஆனா லோடோஸ் அடிச்சா எங்க நுழைவேன்னு யாரும் எனக்கு எழுதித் தர வேணாம்."

ஓர்ச்சுன் எழுந்தான். "ஆறாவது இல்லாம இதை நான் கொண்டுபோய்க் குடுக்க முடியாது அக்கா. குடுத்தா என் வேலை போயிடும்."

"உன்னை யாரு கேட்டா? தபால் எதுக்கு இருக்கு?"

மறுநாள் காலை காற்று அடங்கியது. ஓர்ச்சுன் ஒப்பந்தத்தை மேசையிலேயே விட்டுவிட்டுக் கேப்டனின் படகில் கிளம்பினான். நஸிஃபே ஒப்பந்தத்தின் இரண்டு பிரதியிலும் ஆறாவது நிபந்தனையை அளவுகோல் வைத்து அடித்தாள். பக்கத்திலேயே கையெழுத்திட்டாள். மற்ற எல்லாவற்றுக்கும் கீழேயும் கையெழுத்திட்டாள். பிறகு தனித் தாளில் எழுதினாள்:

"மதிப்புக்குரியவர்களுக்கு, விளக்கு, இசை, ஆடு ஆகியவை பற்றிய உங்கள் நிபந்தனைகளை ஏற்கிறேன். ஆறாவதை ஏற்கவில்லை; ஏற்கவும் மாட்டேன். அதற்காக உங்கள் ஒன்பது படகுகளையும் வேறு குடாவுக்கு அனுப்புவதானால் அனுப்புங்கள். அவற்றில் ஒன்று என்றைக்காவது லோடோஸில் இங்கே ஒதுங்கினால், அதன் கயிற்றையும் பிடிப்போம். சூப்பும் தருவோம். இப்படிக்கு, நஸிஃபே, கராசாம் குடா."

ருஸ்தெம் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். "'ஏற்கவும் மாட்டேன்' வேணுமா அக்கா? 'ஏற்கவில்லை'ன்னாலே போதாதா?"

"போதாது."

 அவன் உள்ளே போய், கம்பெனியின் முகவரி அச்சிட்ட உறையைத் தேடி எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தான். அவள் தாள்களை மடித்து உள்ளே வைத்தாள். பசையை நாக்கால் நனைத்து ஒட்டினாள். பிரியாமல் இருக்க உள்ளங்கையால் அழுத்தினாள். இஸ்மீர் அம்மாள் அதை வாங்கி, கோஜெக் தபாலகத்தில் போடுவதாகச் சொல்லி, நனையாத பெட்டியில் வைத்தாள். ருஸ்தெம் கயிற்றை அவிழ்த்து, சுருட்டி, படகுக்குள் எறிந்தான்.